சோளத்தட்டையின் சர்க்கரையை அளப்பது யார்?

திருமணக் காலத்தில் ஹைதராபாத் தெருக்களில் மாப்பிள்ளை ஊர்வலம் புறப்படுவதற்கு முன் சில குடும்பங்களில் ஒரு சிறு சடங்கு நடைபெறும். மணமகன் வெள்ளைக் குதிரையில் ஏறுமுன் அவனுடைய சகோதரிகள் ஊறவைத்த கடலைப்பருப்பையும் வெல்லத்தையும் தட்டில் ஏந்திவந்து குதிரைக்கு ஊட்டுவார்கள். வட இந்திய வழக்கம் இது. நகரில் தலைமுறைகளாக வாழும் மார்வாடி, பஞ்சாபிக் குடும்பங்களோடு இங்கும் வேரூன்றியது. முகூர்த்த நாளொன்றில் இரண்டு ஊர்வலங்களுக்குச் செல்லும் குதிரைக்கு இரண்டு தட்டு. பிறகு ஆஷாடம் வருகிறது; தெலுங்கர்கள் மூடம் என்று விலக்கும் நாட்களும் வருகின்றன. திருமணங்கள் நின்றுவிடுகின்றன, குதிரை கட்டுத்தறியில் நிற்கிறது. ஆஷாட வாரங்களில்தான் பருவமழை இறங்கித் தக்காணத்தின் காய்ந்த நிலம் பசும்புல்லால் மூடிக்கொள்கிறது. உழைப்பு குறைந்து தீவனம் பெருகிய அந்த வேளையில், ஒரு நாள் காலையில் குதிரை நடக்க மறுக்கிறது. முன்னங்கால்களை முன்னே நீட்டி, உடலின் எடையைப் பின்னுக்குத் தள்ளி, முள்மேல் நிற்பதுபோல் நிற்கிறது. சுளுக்கு என்பார் ஒருவர். வாதம் என்பார் மற்றொருவர். ஆணி தவறி இறங்கியது என்று லாடம் அடித்தவர்மீது பழி விழும். இரத்தத்தில் இன்சுலினை அளந்து பார்க்க வேண்டும் என்று சொல்பவர் அரிது.

குளம்பின் கடினமான சுவர், உள்ளிருக்கும் எலும்போடு நூற்றுக்கணக்கான மெல்லிய இதழ்களால் பிணைக்கப்பட்டிருக்கிறது. குதிரையின் முழு எடையும் அந்த இதழ்களில் தொங்குகிறது என்றே சொல்லலாம். இவ்விதழ்கள் நெகிழ்ந்து விலகும் நோயே லேமினைடிஸ். நெடுங்காலம் இது செரிமானக் கோளாற்றின் பின்விளைவாக மட்டுமே பார்க்கப்பட்டது. 2007இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு பரிசோதனை அப்பார்வையை மாற்றியது. நோயற்ற மட்டக்குதிரைகளுக்கு இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தி, இரத்தச் சர்க்கரை குறையாதபடி குளுக்கோஸும் கொடுத்தார்கள். 72 மணி நேரத்திற்குள் அவை அனைத்துக்கும் லேமினைடிஸ் வந்தது. 2010இல் பெரிய குதிரைகளிலும் அதே முடிவு 48 மணி நேரத்தில் கிடைத்தது. இன்சுலின் மிகுதி ஒன்றே குளம்பைக் குலைக்கப் போதுமானது என்று அதன்பின் மறுக்க இயலாமல் போயிற்று.

மனித நீரிழிவை அறிந்த வாசகர் இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். இன்சுலின் எதிர்ப்புள்ள மனிதரின் கணையம் காலப்போக்கில் தளர்ந்து, இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. குதிரையின் கணையம் பெரும்பாலும் தளர்வதில்லை; மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்துக்கொள்கிறது. ஆகவே சர்க்கரையை மட்டும் அளக்கும் பரிசோதனை 'இயல்பு' என்றே சொல்லும், குளம்போ உள்ளே அறுந்துகொண்டிருக்கும். நீரிழிவுப் பரிசோதனைக் கூடம் தெருவுக்குத் தெரு உள்ள ஒரு நகரில் இந்த நோய் கண்ணுக்குத் தப்புவதற்கு இதுவும் ஒரு காரணம். மனித இன்சுலினும் குதிரை இன்சுலினும் ஓரிரு அமினோ அமிலங்களில்தான் வேறுபடுகின்றன. எனினும் மனிதருக்கென உருவான எல்லாப் பரிசோதனைத் தொகுப்புகளும் குதிரையின் இன்சுலினைச் சரியாகப் பிடிப்பதில்லை. குதிரைக்கென்று சரிபார்க்கப்பட்ட முறை வேண்டும். மற்றொன்று: குதிரையைப் பட்டினி போட்டு இரத்தம் எடுக்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். வெறும் வயிற்றில் எடுத்த அளவு பல நோயாளிக் குதிரைகளைத் தவறவிடுகிறது. இனிப்புப் பாகு கொடுத்து, ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் கழித்து எடுக்கும் அளவே உண்மையை ஓரளவு காட்டுகிறது.

எல்லாக் குதிரைகளும் இந்நோய்க்கு ஒரே அளவில் ஆட்படுவதில்லை. 1886இல் மலக்பேட்டுக்கு இடம் மாறிய பந்தய மைதானத்தில் ஓடும் தோரோபிரெட் இனம் இன்சுலினுக்கு நன்கு இணங்கும் இனங்களுள் ஒன்று. ஆபத்து மிகுதியாக இருப்பது மட்டக்குதிரைகளுக்கும், வறண்ட நிலத்தின் சொற்பப் புல்லில் உயிர்வாழ்ந்து பழகிய மரபினங்களுக்கும். தக்காணி என்றும் பீம்தடி என்றும் அழைக்கப்படும் இப்பகுதியின் சொந்தக் குதிரை அண்மையில்தான் தனி இனமாகப் பதிவு பெற்றது. மராத்தியப் படைகளைச் சுமந்த, காய்ந்த மேய்ச்சலில் ஊறிய அந்த மரபு, பண்ணைவீட்டில் கட்டிப்போட்டு மூன்று வேளை தானியம் கொடுக்கப்படும் வாழ்வைத் தாங்குமா என்ற ஐயம் நியாயமானது. உண்மையில் இந்நாட்டின் உழைக்கும் குதிரைகளில் மிகப் பலவற்றின் துயரம் பட்டினிதான். அதை மறைத்து இதைப் பேசுவது அறமாகாது. இங்கே பேசப்படுவது நின்றுகொண்டே உண்ணும் குதிரைகளைப் பற்றி: மொயினாபாத், சங்கர்பல்லி பக்கத்துப் பண்ணைவீடுகளின் செல்லக் குதிரைகள், பயிற்சிப் பள்ளிகளின் மட்டக்குதிரைகள், பருவத்தில் மட்டும் உழைக்கும் ஊர்வலக் குதிரைகள்.

இவற்றுக்கான மருத்துவத்தின் பெரும்பகுதி தீவனத் தொட்டியில்தான் இருக்கிறது. தானியத்தையும் வெல்லத்தையும் முற்றாக நிறுத்த வேண்டும். உலர்புல்லில் மாவுச்சத்தும் எளிய சர்க்கரையும் சேர்ந்து உலர்பொருளில் பத்து விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உடல் பருத்த குதிரைக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் ஒன்றரை விழுக்காடு அளவுக்கு உலர்பொருள் போதும். 300 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு அது நான்கரைக் கிலோ. கையில் நிறுக்கும் உலர்புல்லாக ஏறத்தாழ ஐந்து கிலோ. அதைத் தராசில் நிறுத்துப் போட வேண்டும், கை மதிப்பில் அல்ல. அதே வேளையில் மிகவும் குறைத்துவிடவும் கூடாது. பருத்த மட்டக்குதிரையையும் கழுதையையும் திடீரென்று பட்டினி போட்டால் உடற்கொழுப்பு இரத்தத்தில் வெள்ளமாக இறங்கிக் கல்லீரலை முடக்கும். அதில் சாவு வெகு விரைவு. நோய் முற்றாத குதிரைக்கு நடையும் ஓட்டமும் மருந்து. குளம்பு எரிந்துகொண்டிருக்கும் குதிரைக்கு அதே நடை கொடுமை.

புல்லைக் குளிர்ந்த நீரில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்துவிட்டுக் கொடுப்பது சர்க்கரையைக் குறைக்கும் எளிய வழி. ஹைதராபாத்தின் மே மாத வெயிலில் ஊறிய புல் விரைவில் புளித்துவிடும் என்பதால் அதிகாலையே அதற்கு ஏற்ற நேரம். வடித்த நீரை வீணாக்க மனமின்றி அக்குதிரைக்கே குடிக்க வைக்கும் சிக்கனமும் சில இடங்களில் உண்டு. அப்படியானால் ஊறவைத்ததன் பயன் என்ன? எவ்வளவு சர்க்கரை கரைந்து வெளியேறும் என்பதும் புல்லுக்குப் புல் பெரிதும் மாறுபடுகிறது. தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது என்று தெரியாத புல்லை ஊறவைத்தபின் எவ்வளவு எஞ்சியது என்று எவராலும் கூற முடியாது. இங்கேதான் அந்தப் பத்து விழுக்காடு என்ற எண் நம்மைக் கைவிடுகிறது.

சந்தையில் வாங்கும் தீவனத்தின் சர்க்கரை எவ்வளவு என்று ஹைதராபாத்தின் குதிரைக்காரர் எவரிடம் கேட்பது? தீவன மூட்டைகளின் அட்டையில் புரதம், கொழுப்பு, நார், சாம்பல் ஆகியவை இருக்கும். 1860களில் ஜெர்மனியின் கோட்டிங்கன் அருகே வேண்டே என்னும் ஊரின் ஆய்வு நிலையத்தில் உருவான பகுப்பாய்வு முறையின் மிச்சம் அது. அம்முறையில் சர்க்கரையும் மாவுச்சத்தும் நேரடியாக அளக்கப்படுவதே இல்லை. மற்ற யாவற்றையும் கழித்தபின் எஞ்சுவது என்று ஒரே கூடையில் கொட்டப்படுகின்றன. மாட்டுத் தீவனத்துக்கான இந்தியத் தர நிர்ணயங்களும் அதே தடத்தில்தான் செல்கின்றன. பால் கொடுக்கும் மாட்டுக்கு அது பெரிய குறையாகத் தோன்றவில்லை. இன்சுலின் ஒழுங்கு குலைந்த குதிரைக்கோ அந்தக் கூடைக்குள்தான் உயிர் இருக்கிறது.

அளக்கும் திறன் இந்நகருக்கு இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. 1918இல் குன்னூரில் சிறு ஆய்வுப் பிரிவாகத் தொடங்கி 1958இல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 2017இல் 528 இந்திய உணவுகளின் சத்துகளை அளந்து அட்டவணையாக வெளியிட்டது. ராஜேந்திரநகரில் சிறுதானிய ஆராய்ச்சி நிறுவனமும் நெல் ஆராய்ச்சி நிறுவனமும் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அடுத்தடுத்து இருக்கின்றன. பட்டன்செருவில் இக்ரிசாட் இருக்கிறது; அவ்வளாகத்திலேயே பன்னாட்டுக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் தீவன ஆய்வகம், அகச்சிவப்புக் கதிரைக் கொண்டு நிமிடங்களில் தீவனத்தின் தரத்தைக் கணிக்கிறது. எரிசாராயத்துக்காக இனிப்புச் சோளம் வளர்த்தபோது அதன் தண்டில் எத்தனை ப்ரிக்ஸ் சர்க்கரை என்று வரப்பு வரப்பாக அளந்த ஊர் இது.

இதைவிட நெருங்கிய ஒரு சான்றும் உண்டு. ஹைதராபாத் சந்தையில் கறவை மாடுகளுக்கும் எருமைகளுக்கும் விற்கப்படும் சோளத்தட்டையை ஆராய்ந்து மைக்கேல் புளூமெலும் பார்த்தசாரதி ராவும் 2006இல் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டனர். தட்டை வகைகளுக்கிடையே செரிமானத் திறன் ஏறத்தாழ 47 முதல் 52 விழுக்காடு வரையே வேறுபட்டது. அந்த ஐந்து புள்ளிகளுக்கு விலையில் கால் பங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு இருந்தது. ஆய்வகம் காணாத தட்டை வியாபாரியும் வாங்குபவரும் கண்ணாலும் கையாலும் தரத்தைச் சரியாகக் கணித்து விலை வைத்திருந்தார்கள். சந்தையின் அறிவுக்கு இதைவிட அழகான சான்று வேண்டியதில்லை. ஆனால் அந்த அறிவு எருமையைப் பற்றிய அறிவு. அங்கே 'நல்ல தட்டை' என்பது தண்டில் சாறும் பசுமையும் எஞ்சிய, எளிதில் செரிக்கும் தட்டை. அறுவடைவரை பச்சை மாறாத சோள வகைகளை வளர்ப்பாளர்கள் விரும்புவதற்கும் இதுவே ஒரு காரணம். அவற்றின் தண்டில் கார்போஹைட்ரேட் தங்குகிறது. எருமைக்குப் பாலாக மாறும் அதே தங்கல் நோயுற்ற குதிரைக்கு என்னவாக மாறும் என்பதை விலைச்சீட்டு சொல்லாது. தன் குதிரைக்கு உயர்ந்ததையே வாங்க வேண்டும் என்று கூடுதல் விலை கொடுக்கும் உரிமையாளர், அறியாமலே கூடுதல் சர்க்கரைக்குப் பணம் கொடுப்பவராக இருக்கக்கூடும். தரம் தீவனத்துக்குள் குடியிருக்கும் பண்பு அன்று. உண்ணும் விலங்கோடு சேர்த்தே பொருள்படும் சொல் அது. வேளாண் ஆராய்ச்சியின் பொதுமொழியில் இந்த எளிய உண்மைக்கு இடமில்லாமல் போனது வியப்புக்குரியது.

தமிழர் தரப்பிலும் சில மயக்கங்கள் உண்டு. இளைத்தவனுக்கு எள்ளும் கொழுத்தவனுக்குக் கொள்ளும் என்ற பழமொழியைக் கேட்டு வளர்ந்தோர் கொழுத்த குதிரைக்குக் கொள்ளு கொடுப்பதை மருத்துவமாகவே எண்ணுவர். ஹைதராபாத்தின் இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனத்தார் 2013 அளவில், முளைகட்டாத பச்சைக் கொள்ளில் சர்க்கரை உயர்வைத் தடுக்கும் இயல்பு மிகுதி என்று காட்டியதும் உண்மை. எனினும் அது குடுவைக்குள் நடந்த ஆய்வு; மனித நோக்கிலானது. லாயத்தில் கொள்ளு வேகவைத்தே போடப்படுகிறது. நூறு கிராம் கொள்ளில் ஏறத்தாழ 57 கிராம் கார்போஹைட்ரேட். வேகும்போது அதன் மாவுச்சத்து சிறுகுடலில் செரிப்பது எளிதாகிறது. அதே பானையில் வெல்லமும் கலப்பது வழக்கமென்றால் பழமொழிக்குப் பாதுகாவல் ஏதுமில்லை. கோதுமைத் தவிட்டை 'லேசான தீவனம்' என்று கருதுவதும் இத்தகையதே: அதில் மாவுச்சத்தும் உண்டு, அளவுக்கு மீறிய பாஸ்பரஸும் உண்டு. ஆக்சலேட் மிகுந்த நேப்பியர் வகைப் புல்லோடு தவிடும் சேர்ந்தால் எலும்பின் கண்ணம்பு கரைந்து முகம் வீங்கும் வேறொரு நோய்க்கு வழி திறக்கும். மாறாக, தமிழில் 'குதிரை மசால்' என்று பெயர் பெற்ற லூசர்னில் சர்க்கரை பொதுவாகக் குறைவு. ஆற்றல் மிகுதி என்பதால் அளவாகக் கொடுத்தால் புரதத்துக்கு அது உதவும்.

கழுத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அய்யனார் கோயில் மண்குதிரைகளும் திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்துக் கற்குதிரைகளும் வளைந்து தடித்த கழுத்தையே வீரத்தின் அழகாகக் கண்ணுக்குப் பழக்கியிருக்கின்றன. உயிருள்ள மட்டக்குதிரையின் பிடரியில் கையில் வளையாமல் இறுகித் திரண்டிருப்பது கொழுப்பு. 2009இல் அதற்கென்றே பூச்சியம் முதல் ஐந்து வரை ஓர் அளவுகோல் வகுக்கப்பட்டது. மூன்றும் அதற்கு மேலும் எச்சரிக்கை.

குதிரையைக் கொழுக்க வைப்பதன்மீதான விமரிசனம் புதியதும் அன்று. பாண்டிய நாட்டுக்கு ஆண்டுதோறும் இறக்குமதியான குதிரைகளைப் பற்றி 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், அவற்றை நாற்பது நாள் லாயத்தில் கட்டிப்போட்டுப் பெருக்க வைப்பதையும், வறுத்த பார்லியும் வெண்ணெயிட்ட தானியமும் காய்ச்சிய பாலும் கொடுப்பதையும், பயிற்சியின்றி அவற்றின்மீது ஏறுவதையும் குறை கூறியிருக்கிறார். சிறிது காலத்தில் அக்குதிரைகள் பயனற்றுப் போயினவாம். அவர் இங்கு வந்து கண்டவர் அல்லர். குதிரை வணிகரின் பேச்சைக் கேட்டு எழுதியவர். அச்செய்திக்கு இன்சுலின் என்று பெயர் சூட்டுவது வரலாற்றுக்குச் செய்யும் வன்முறை. அயல்நாட்டவர் கண்ணுக்கு அன்றும் உறுத்தியது பட்டினி அன்று, உபசாரம் என்பது மட்டும் இங்கே குறிக்கத்தக்கது.

இவ்வளவு சிறிய எண்ணிக்கைக்கு இத்தனை ஏற்பாடா என்ற மறுப்பு எழும். 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து 3.4 இலட்சம், 2012ஐவிட 45 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வீழ்ச்சி. பணக்காரரின் பொழுதுபோக்குக்குப் பொதுப்பணம் ஏன் என்றும் கேட்கலாம். பந்தயக் குதிரைக்கு மருத்துவர் இருக்கிறார், இறக்குமதித் தீவனமும் இருக்கிறது. அதற்கு இந்த அட்டவணை தேவையில்லை. ஒரே ஒரு வெள்ளைக் குதிரையைக் கொண்டு குடும்பம் நடத்துபவருக்கே அது தேவை. குளம்பெலும்பு திரும்பிவிட்ட குதிரைக்கு அவர் கடன் வாங்கிச் செய்யும் செலவு பெரும்பாலும் வீணாகிறது. வலிக்கு என்று கேட்டு வாங்கிப் போடப்படும் ஸ்டீராய்டு ஊசியோ இந்நிலையை மேலும் மோசமாக்கக்கூடியது. 1985இல் ஹிசாரில் நிறுவப்பட்ட தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்தின் கவனம் பெரிதும் தொற்றுநோய்களின்மீது இருப்பது புரிந்துகொள்ளத்தக்கது. கிளாண்டர்ஸ் மனிதருக்கும் பரவும். லேமினைடிஸ் யாருக்கும் பரவாது. ஆகவே அது யாருடைய பொறுப்பிலும் இல்லை.

மருந்து முந்திக்கொண்டு வந்துவிடும் என்பதே இன்னும் கசப்பான செய்தி. மனித நீரிழிவுக்கான எர்டுக்ளிஃப்ளோசின், கானாக்ளிஃப்ளோசின் ஆகியவை சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றிக் குதிரையின் இன்சுலினைக் குறைப்பதை மேலைநாட்டு மருத்துவர்கள் கண்டு பயன்படுத்தத் தொடங்கிவிட்டனர். இரத்தக் கொழுப்பு ஏறும் ஆபத்து அதில் உண்டு; தொடர் கண்காணிப்பின்றிக் கொடுக்கக் கூடாதது. இந்தியாவின் மூலமருந்துத் தலைநகரங்களுள் ஒன்றான ஹைதராபாத்தில் இத்தகைய மாத்திரைகள் கிடைப்பது அரிதன்று. சோளத்தட்டையின் சர்க்கரை அளவு கிடைப்பதுதான் அரிது. ஐரோப்பியக் குதிரை உள்மருத்துவக் கல்லூரியின் 2019ஆம் ஆண்டு அறிக்கையும் உணவு, உடல் எடை, உடற்பயிற்சி ஆகியவற்றை முன்வைத்து, மருந்தைப் பின்னுக்கே வைக்கிறது.

செய்ய வேண்டியது முனைவர் பட்ட ஆய்வு ஒன்றின் அளவே. நகரின் தீவனச் சந்தைகளில் விற்கும் சோளத்தட்டை, வைக்கோல், ரோட்ஸ் புல், நேப்பியர், லூசர்ன் ஆகியவற்றை மாதந்தோறும் ஓராண்டு சேகரிப்பது. எத்தனாலில் கரையும் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் வேதிமுறையில் அளப்பது. ஒரு பகுதியை ஒரு மணி நேரம் ஊறவைத்து மறுபடி அளப்பது. அவ்வெண்களைக் கொண்டு பட்டன்செருவின் அகச்சிவப்புக் கருவிக்குக் கணிப்புச் சமன்பாடு அமைப்பது. பிறகு தெலுங்கிலும் உருதுவிலும் ஒரு பக்க அட்டவணை.

அந்தப் பக்கத்தை முதலில் பெற வேண்டியவர் நால்பந்த். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குளம்பையும் மடியில் வைத்துப் பார்ப்பவர் அவர் ஒருவரே. குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வளர்கிறது. குதிரைக்கு வந்துபோன சிறு நோய்கள் வளையங்களாக அதில் பதிந்துவிடுகின்றன. முன்பக்கம் நெருங்கி, குதிகாலில் அகன்று விரியும் வளையம் பழைய லேமினைடிஸின் தடம். அடிப்பாகத்தின் வெண்கோடு அகன்றிருந்தால், அதில் இரத்தப் புள்ளி தெரிந்தால், ஏதோ நடந்து முடிந்திருக்கிறது என்று அவருடைய கைக்குத் தெரியும். அவர் அதைச் சீவிச் சமன்செய்து, அரத்தால் தேய்த்து, பார்வைக்கு வழுவழுப்பாக்கி விடுகிறார். அதற்குத்தான் அவருக்குக் கூலி கொடுக்கப்படுகிறது.